நான் நல்லா இருக்கேன்மா!



நம் மாணவர் பேரவை ஆண்டு மலரின் தமிழ்ப் பக்கங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. கதையும் வராது. எனக்கு வருவதெல்லாம் ஸ்பேனர் பிடிப்பதும் மல்ட்டிமீட்டர் பார்ப்பதும்தான். அதனால் எனக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் நாமக்கல் மாவட்டம், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில். திருச்செங்கோடு என்றதும் போர்வெல் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். இந்தியா முழுக்கப் பூமியைத் துளைக்கும் லாரிகள் எங்கள் பக்கத்திலிருந்துதான் கிளம்பும். என் அப்பா அப்படி ஒரு வண்டியில் டிரில்லர். படிப்பு அஞ்சாவது. அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் எட்டாவதைத் தாண்டியவர்கள் யாரும் கிடையாது. பன்னிரண்டாவது பாஸ் பண்ணிய முதல் ஆள் நான்தான். அப்புறம் விமானம் ஏறிய முதல் ஆளும் நான்தான்.

ஏறியது சும்மா இல்லை. பாங்கில் கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பிணை கேட்பார்கள். தாத்தா காலத்து ஒன்றரை ஏக்கர் காட்டுப் பத்திரத்தை அப்பா கொண்டுபோய் வைத்தார். 2024-இல் கனடாவுக்குப் படிக்க வருகிறவன் செலவுக்கு 20,635 டாலர் காட்ட வேண்டும் என்று விதி இருந்தது. அதற்கு முன்பு அது வெறும் 10,000 டாலர். "ஒரு வருசம் முந்திப் பொறந்திருந்தா பாதிக் காசோட போயிருப்ப" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்ட சிரிப்பு என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

2024 ஆகஸ்டில் டொரண்டோ வந்து இறங்கினேன். ஹீட்டிங், ரெஃப்ரிஜரேஷன், ஏர்கண்டிஷனிங் டிப்ளமா. ஸ்கார்பரோவில் ஒரு ஈழத் தமிழர் வீட்டு பேஸ்மென்ட். இரண்டு அறையில் நாலு பேர். மேலே வீட்டுக்கார அன்ரி. நான் "ஆன்ட்டி" என்றுதான் கூப்பிட்டேன். ரெண்டு வாரத்தில் அது தானாகவே "அன்ரி" ஆகிவிட்டது. ஆனால் ஊர்ப் பெயர் மட்டும் இன்றுவரை எனக்கு டொரண்டோ, அவருக்கு ரொறன்ரோ!

* * *

டிசம்பர் 13-ஆம் தேதி வகுப்புகள் முடிந்தன. ஜனவரி 6 வரை விடுமுறை. மூன்று வாரம் முழுசாக!

அந்தக் கடைசி நாள் நம் காலேஜ் வராண்டா எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எல்லார் கையிலும் சூட்கேஸ். "ஹேப்பி ஹாலிடேஸ்" என்று ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார்கள். என் அறையில் இருந்த பஞ்சாபிப் பையன்கள் இரண்டு பேரும் பிராம்ப்டனில் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பினார்கள். மதுரை அண்ணன் ஊருக்கே விமானம் ஏறிவிட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த ஃபிரிட்ஜ் இவ்வளவு சத்தம் போடும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

நான் ஊருக்குப் போகாததற்குக் காரணம் டிக்கெட் விலை மட்டுமல்ல. ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். படிக்கிற காலத்தில் வாரம் 24 மணி நேரம்தான் வெளியே வேலை செய்யலாம். அதுவும் 2024 நவம்பரில்தான் அப்படி ஆனது, அதற்கு முன் 20. ஆனால் இந்த மாதிரி விடுமுறையில் முழு நேரமும் செய்யலாம். நான் வேலை பார்த்த இடத்தில், "கிறிஸ்துமஸ் சீசன், வாரத்துக்கு 40 மணி நேரம் தருகிறோம்" என்று சொல்லியிருந்தார்கள். மணிக்கு 17 டாலர் 20 சென்ட். 120 மணி நேரம் என்றால் 2,064 டாலர். இதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். இரண்டாம் பருவக் கட்டணத்தின் மீதியைக் கட்டிய பிறகு கையில் அநேகமாக ஒன்றும் இல்லை. இந்த 2,064-ஐ நம்பித்தான் இருந்தேன்.

முதல் வாரம் 22 மணி நேரம் கொடுத்தார்கள். அடுத்த வாரம் போன் செய்து, ஆள் அதிகமாகிவிட்டது, கூப்பிடும்போது வா என்றார்கள். கூப்பிடவே இல்லை. 22-ஐ 17.20-ஆல் பெருக்கினால் 378 டாலர் 40 சென்ட். வாடகைக்கே பத்தாது.

அப்புறம் என்ன? ஒரு மூட்டை அரிசி இருந்தது. ஒரு பாட்டில் எலுமிச்சங்காய் ஊறுகாய் இருந்தது. முட்டை இருந்தது. காலையில் எழுந்தால் இருட்டு. எட்டு மணி ஆகப்போகும்போதுதான் சூரியன் வரும். சாயங்காலம் நாலே முக்காலுக்கெல்லாம் போய்விடும். பேஸ்மென்ட் ஜன்னல் தரையோடு தரையாக ஒரு முழ அகலம். அதற்கு வெளியே பனி. பகல் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வீட்டிலேயே உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று பக்கத்து நூலகத்துக்குப் போவேன். அங்கே தமிழ்ப் புத்தகங்கள் இரண்டு அலமாரி நிறைய இருக்கின்றன. வெதுவெதுப்பாக இருக்கும். காசு கேட்க மாட்டார்கள். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவும் மாட்டார்கள்.

ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். இரண்டு முழு நாட்களாக நான் வாயைத் திறந்து பேசியது பஸ் டிரைவரிடம் சொன்ன "தேங்க் யூ" ஒன்றுதான்.

* * *

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

"லீவுக்கு எங்க கண்ணு இருக்கப் போற?" என்று அம்மா கேட்டபோது, "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேந்து ஒரே வீட்ல இருக்கோம்மா. தினமும் சமையல்தான், கறிக்கொழம்புதான்" என்றேன். பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு பொய் சொன்னால் அதற்குக் காவலாக இன்னும் நாலு பொய் வேண்டுமே! அடுத்த நாள் ஒரு பெரிய மாலுக்குப் போய், அங்கே ஜோடித்து வைத்திருந்த கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வீடியோவில் கூப்பிட்டேன். முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டேன்.

"பொறவுக்கு நிக்கறது யாரு சாமி?" என்றார் அம்மா.

திரும்பிப் பார்த்தேன். எழுபது வயசிருக்கும் ஒரு சீனத் தாத்தா, பேரக் குழந்தையைத் தூக்கி மரத்தில் தொங்கும் பந்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஃப்ரெண்டோட தாத்தாம்மா."

"அவுங்களுக்கு வணக்கம் சொல்லு கண்ணு" என்று அம்மா போனுக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார்.

நண்பர்களே, இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பு வரவில்லை. முன்பெல்லாம் ஸ்கார்பரோவுக்கு ஒரு குட்டி ரயில் ஓடுமாம். 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு அதை நிறுத்திவிட்டார்கள். பஸ்தான் கதி. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்த ஆவியை விரலால் துடைத்துத் துடைத்து, வீடு வரும்வரை வெளியே பார்த்தேன். ஒவ்வொரு வீட்டிலும் கலர் பல்பு எரிந்தது.

அம்மா நவம்பர் மாத ஆரம்பத்தில் ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். அதுவும் வந்து சேரவில்லை. நவம்பர் 15 முதல் டிசம்பர் 17 வரை நாடு முழுக்கத் தபால் வேலைநிறுத்தம். அவர்கள் சம்பளத்துக்காக அவர்கள் போராடினார்கள், அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பார்சல்கள் மலைபோல் தேங்கிவிட்டன. "சாமான் வந்துச்சா?" என்று அம்மா கேட்காத நாள் கிடையாது. வராததை மட்டும் உண்மையாகவே வரவில்லை என்று சொன்னேன்.

* * *

டிசம்பர் 24. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். போர்வைக்குள் உட்கார்ந்திருந்த எனக்குக் கால் சில்லிட்டது. காற்று வரும் துளையில் கை வைத்துப் பார்த்தேன். காற்று வருகிறது, ஆனால் சூடு இல்லை, பச்சைத் தண்ணீர் மாதிரி வருகிறது. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் 21 என்று வைத்திருக்கிறது, அறையில் 16 காட்டுகிறது.

மேலே கதவு தட்டும் சத்தம். "தம்பி, கீழ ஹீற்றர் வேலை செய்யுதோ? மேல ஒரே குளிரா இருக்கு." அன்ரி சால்வையைப் போர்த்திக்கொண்டு படியில் நின்றார். ரிப்பேர்க் கம்பெனிகளுக்குப் போன் செய்தால், பண்டிகை நாள், அவசர அழைப்பு என்று ஏகப்பட்ட காசு சொல்கிறார்களாம். அதுவும் நாளைக்குத்தான் வருவார்களாம்.

"அன்ரி, நான் ஒரு தடவை பாக்கட்டுமா?"

"உங்களுக்குத் தெரியுமோ?"

ஒரே ஒரு பருவம்தான் படித்திருந்தேன். இருந்தாலும் "பாக்குறேன்" என்றேன். லைசென்ஸ் இல்லாதவன் கேஸ் பக்கம் கை வைக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். ஆனால் பார்ப்பதற்கு லைசென்ஸ் வேண்டாமே! ஃபர்னஸ் கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் உள்ளே போர்டில் ஒரு விளக்கு விட்டு விட்டு மின்னியது. எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணி, கதவில் ஒட்டியிருந்த அட்டவணையோடு ஒப்பிட்டேன். லிமிட் சுவிட்ச் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதாவது உள்ளே சூடு அளவுக்கு மீறிப் போனதால் பர்னர் தானாக அணைந்துவிட்டது. ஃபேன் மட்டும் ஓடிக் குளிர்விக்கப் பார்க்கிறது.

குளிரில் நடுங்கும் வீட்டில் சூடு அதிகமாகிவிட்டது என்றால் வேடிக்கைதானே? எங்கள் சார் முதல் வாரமே சொன்னார்: "எது கெட்டாலும் முதலில் ஃபில்டரைப் பார்." வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகக் காற்று வராவிட்டால், சூடு உள்ளேயே தேங்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஃபில்டரை உருவினேன். அது ஃபில்டரா? கம்பளி! ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் நிறத் தூசு. எப்போது மாற்றியது என்று அன்ரிக்கே ஞாபகம் இல்லை. "அவர் இருக்கேக்க அவர்தான் மாத்துறவர்" என்றார். அங்கிள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

புது ஃபில்டர் வாங்கக் கடை எல்லாம் மூடிவிட்டது. மறுநாள் கிறிஸ்துமஸ், திறக்காது. ஒரு நாள் இரண்டு நாள் ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் பெரிய கேடில்லை, 26-ஆம் தேதி வாங்கிப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். கதவை மூடி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, சுவிட்சைப் போட்டேன். முதலில் சின்ன மோட்டார் முனகியது. அப்புறம் இக்னைட்டர் செக்கச்செவேல் என்று சிவந்தது. 'ஃபூ' என்று நீல நெருப்பு வரிசையாகப் பிடித்தது. ஒரு நிமிஷம் கழித்து ஃபேன் ஓடி, துளையில் வெதுவெதுப்பான காற்று வந்தது.

லேபில் இதே வரிசையைப் பத்துத் தடவை எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது ஒரு வீட்டைச் சுடவைப்பதைப் பார்த்தேன். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் படித்த படிப்பு முதன்முதலாக உதவியது அந்த நிமிஷத்தில்தான்!

அன்ரி துளையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்கள் நல்லா இருக்கோணும்" என்றார். அப்புறம் என் அறையை ஒரு தடவை பார்த்தார். அடுப்பில் இருந்த சோற்றுச் சட்டியைப் பார்த்தார். ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தார்.

"மற்றப் பெடியள் எங்க?"

"ஊருக்குப் போயிட்டாங்க அன்ரி."

"எப்ப?"

"பதினொரு நாள் ஆச்சு."

"பதினொரு நாளா தனியவோ இருக்கிறீங்கள்? என்ன தம்பி இது! மேல வாங்கோ."

* * *

மேலே புட்டும் மீன் குழம்பும். வாயில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். அன்ரி நம்பவில்லை.

"அம்மாட்ட என்ன சொல்லி வைச்சிருக்கிறீங்கள்?" என்றார். நேராகக் கேட்டதும் மறைக்க முடியவில்லை. சீனத் தாத்தா வரைக்கும் சொன்னேன். அன்ரி சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார்.

அவர் மானிப்பாய்க்காரர். 1991-இல் இருபத்திரண்டு வயதில் தனியாகக் கனடா வந்தவர். அவருக்கு முன்னால் எத்தனையோ பேர். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் கரை சேர்த்த செய்தியை நம்மில் பல பேர் கேட்டிருப்போம். அன்ரி வந்தது விமானத்தில்தான். ஆனால் வந்து இறங்கியபோது குளிருக்குக் கோட்டு கிடையாது. ஒரே அறையில் ஆறு பெண்கள். பனியில் இரண்டு பஸ் மாறி ஃபாக்டரிக்குப் போய் இரவு வேலை.

"அப்ப யாழ்ப்பாணத்தில கரண்டும் இல்லை, ரெலிபோனும் இல்லை. கடிதம் போட்டா எப்ப போகும் எண்டு தெரியாது. ஒருக்கா, அம்மா என்ர குரலைக் கேக்கோணும் எண்டு, இரவில கிளாலிக் கடலால வள்ளத்தில வந்து, கொழும்புக்குப் போய்க் கோல் எடுத்தவ. அந்தக் கடல்ல எத்தினை சனம் செத்தது. அப்பிடி வந்து எடுத்த அம்மாவிட்ட நான் என்ன சொன்னனான் தெரியுமோ? பெரிய வீட்டில இருக்கிறன், ஒஃபிஸில வேலை எண்டு. அவவுக்குக் கவலை குடுக்கக்கூடாது எண்டுதான் சொன்னனான்."

1995 அக்டோபர் 30-ஆம் தேதி. வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் வீட்டை விட்டு வெளியேறியது. அன்ரியின் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் நடந்துபோனார். அடுத்த வருடம் வன்னியில் காய்ச்சலில் இறந்துபோனார். கடிதம் வந்து சேர்ந்தபோது ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

"மரத்துக்குக் கீழ கொட்டில் போட்டு இருந்துகொண்டு, 'என்ர மகள் கனடாவில பெரிய வீட்டில இருக்கிறாள்' எண்டு எல்லாருக்கும் சொன்னவவாம். அவ சாகேக்க நினைச்சுக்கொண்டு போன மகள் நான் இல்லைத் தம்பி. அது வேற ஆரோ. உண்மையைச் சொல்லியிருந்தா அவ அழுதிருப்பா. ஆனா என்னைத் தெரிஞ்சுகொண்டு அழுதிருப்பா."

நான் பதில் பேசவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது. மணி பத்து. ஊரில் மறுநாள் காலை எட்டரை.

அன்ரி என் போனை எடுத்து என் கையில் வைத்தார். "உங்களுக்குப் படகு ஏற வேண்டாம். கதையுங்கோ" என்றார்.

* * *

கீழே வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். தனியாகத்தான் இருக்கிறேன், வேலை இல்லை, மாலில் நின்றது யாரோ ஒரு தாத்தா.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அப்புறம், "அரிசி இருக்குதா கண்ணு?" என்றார். இருக்கிறது என்றேன். "இரு, உங்கப்பாகிட்டக் குடுக்கறேன்" என்றார்.

அப்பாவிடமா? அப்பா சத்தீஸ்கரில் வண்டியில் அல்லவா இருக்கிறார்? இரண்டு மாதமாக அப்படித்தானே சொன்னார்கள்? "சிக்னல் இல்ல, அதான் வீடியோல வர்றதில்ல" என்றுதானே...

தீபாவளிக்கு முந்தின வாரம், ராடு மாற்றும்போது நழுவி விழுந்து அப்பாவின் வலது கால் எலும்பு உடைந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில்தான். சம்பளம் இல்லை. பாங்க் வட்டிக்குக் கறவை மாட்டை விற்றிருக்கிறார்கள். "படிக்கற பையன் மனசு ஓடாது" என்று யாரும் என்னிடம் மூச்சு விடவில்லை.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே! இந்தப் பக்கம் நான் கிறிஸ்துமஸ் மரத்துக்கு முன்னால் நின்று நடிக்கிறேன். அந்தப் பக்கம் அவர்கள் கட்டுப் போட்ட காலை காமிராவுக்குத் தெரியாமல் மறைத்து நடிக்கிறார்கள். "நல்லா இருக்கேன்", "நல்லா இருக்கோம்" என்று இரண்டு பக்கமும் மாறி மாறிச் சொல்லி, யார் எப்படி இருக்கிறோம் என்பதே யாருக்கும் தெரியாமல் போயிற்று. அப்பா முப்பது வருடம் எத்தனையோ பொங்கலுக்கு வண்டியிலேயே இருந்தவர். அப்போதெல்லாம் போனில் அவர் சொன்ன "எல்லாம் நல்லாருக்குது" என்பதையும் நான் அன்றைக்குத்தான் திரும்ப யோசித்தேன்.

"நான் வந்துடறேன்ப்பா. ஏதாச்சும் வேலைக்குப் போறேன்" என்றேன்.

அப்பா கொஞ்சம் தொண்டையைச் செருமினார். "இங்க பாரு. நானூறடி ஓட்டித் தண்ணி வரலீன்னு பாதியில ராடை உருவுனா, போட்ட காசு அத்தனையும் குழிக்குள்ள. அம்பதடி தள்ளித் தண்ணி இருக்கலாம். ஆனா ஒண்ணு. வெறும் புகையா வந்தா, காட்டுக்காரன்கிட்டப் புகைதான் வருதுன்னு சொல்லிப்போடோணும். தண்ணி வந்துரும் வந்துரும்னு பொய் சொன்னா அவனுக்கும் நட்டம், நமக்கும் நட்டம். நீ ஓட்டு. புகை வந்தா சொல்லிப்போடு. நானும் சொல்றேன்."

அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

* * *

மறுநாள் கிறிஸ்துமஸ். ஊரே அடங்கிக் கிடந்தது. அன்ரியின் மகள் ஒட்டாவாவிலிருந்து வந்திருந்தார். மேலேதான் சாப்பாடு. 26-ஆம் தேதி புது ஃபில்டர் வாங்கிப் போட்டேன். அன்ரி கூலி கொடுக்க வந்தார், வாங்கவில்லை. ஜனவரி வாடகையில் அவராகவே குறைத்துக்கொண்டார்!

காலேஜ் திறந்த அன்று இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, கட்டணப் பிரிவில் போய் என் நிலைமையை மறைக்காமல் சொன்னேன். அடுத்த கட்டணத்தைத் தவணையாகக் கட்ட வழி சொன்னார்கள். இரண்டாவது, நம் பேரவை அலுவலகத்தில் இருக்கும் உணவு அலமாரிக்குப் போனேன். செப்டம்பரிலிருந்து அதைத் தாண்டித்தான் தினமும் போய்க்கொண்டிருந்தேன். உள்ளே நுழைய வெட்கம். அங்கே போனால் முன்னால் வரிசையில் நிற்பது யார் என்கிறீர்கள்? என் லேப் பார்ட்னர்! "நீயா?" என்று அவன் கேட்க, "நீயா?" என்று நான் கேட்க, அவனும் அந்த மூன்று வாரம் ஐந்து தெரு தள்ளி இன்னொரு பேஸ்மென்டில் தனியாகத்தான் இருந்திருக்கிறான். அவனும் வீட்டுக்கு "ஃப்ரெண்ட்ஸோட இருக்கேன்" என்றுதான் சொல்லியிருக்கிறான்.

பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து அம்மாவின் பார்சல் வந்தது. முறுக்கு தூளாகியிருந்தது. பருப்புப் பொடிப் பைக்குள் நாலாக மடித்த ஒரு தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் எழுத்தறிவு வகுப்புக்கு அம்மா போகிறார் என்பது தெரியும். கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன். தாளில் கோணல்மாணலாக, பென்சிலில், ஒரே ஒரு வரி இருந்தது: "கன்னு நல்லா சாப்புடு."

மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. தமிழ் ஐயா பார்த்தால் சிவப்பு மையால் சுழிப்பார். என் அம்மா வாழ்க்கையில் எழுதிய முதல் கடிதம் அது. நவம்பரிலேயே எழுதி அனுப்பியிருக்கிறார். நான் பொய் சொல்லிக்கொண்டிருந்த நாளெல்லாம் அது எங்கேயோ ஒரு கிடங்கில் எனக்காகக் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

* * *

நண்பர்களே, கட்டுரையை முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள்.

அடுத்த டிசம்பரிலும் சூட்கேஸ்கள் கிளம்பும். நம்மில் சிலர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருவோம். அப்படி இருக்கப் போகிறவர்கள், கடைசி வகுப்புக்கு முன்னால் பேரவை அலுவலகத்தில் ஒரு தாளில் பெயரும் பஸ் நிறுத்தமும் எழுதிக் கொடுத்தால் போதும். யார் எங்கே இருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் தெரிந்துவிடும். கிறிஸ்துமஸ் அன்று கடை இருக்காது. ஆனால் ஆளுக்கு ஒரு டம்ளர் அரிசி கொண்டுவந்தால் ஒரு பெரிய சட்டி சோறு ஆகும். தாளை ஒட்டும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். என் பெயர்தான் அதில் முதல் பெயர்.

அப்புறம், இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் செய்யும்போது "நான் நல்லா இருக்கேன்மா" என்று சொல்ல வாயெடுப்பீர்கள் அல்லவா? நல்லா இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். புகை வந்தால், புகை வருகிறது என்று சொல்லிப்போடுங்கள்.

அப்பாவின் காலில் கட்டு அவிழ்த்துவிட்டார்கள். இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். வீடியோவில் நடந்து காட்டினார்.